வேலிகாத்தானும் வில்வ இலையும்

இந்த வாரத் தபால் கட்டைப் பிரித்தால் கையில் முள் குத்துகிறது. பாதிக் கேள்விகள் வேலிகாத்தான் என்னும் சீமைக்கருவேலத்தைப் பற்றி, மீதி அதன் கூட்டாளிகளைப் பற்றி. அதனால் பக்கம் முழுவதும் மரத்துக்கே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த பௌர்ணமி வரை பொறுத்தருள்க.

கே: சீமைக்கருவேலத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது யார்? எங்கள் தெருவில் ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்கிறார்கள்.
(கிரிவலப் பாதை டீக்கடை வாசகர்)

ப: அந்தத் தலைவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 1876-ல் மெட்ராஸ் மாகாண வன அதிகாரி கர்னல் பெடோம், வறண்ட நிலத்தில் விறகு விளைய வேண்டும் என்று விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் 1877 வாக்கில் ஊன்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு விறகுப் பஞ்சம் தீர அரசே விதையைத் தூவியதும் உண்டு. மிச்ச தூரத்தை அது ஆட்டு வயிற்றில் ஏறி வந்து சேர்ந்தது. டிக்கெட் எடுக்கவே இல்லை.

கே: நல்ல எண்ணத்தில்தானே கொண்டுவந்தார்கள்?
(ஆரணி)

ப: மிக நல்ல எண்ணம். அடுப்பும் எரிந்தது. அணைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

கே: வெளிநாட்டு மரம் என்றாலே கெட்டதா?
(ஒரு பள்ளி ஆசிரியை, வேட்டவலம்)

ப: புளி கரைத்து ரசம் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியுமா, டீச்சர்? புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் அதற்கு ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே நம்மவராகிவிட்டது. கொடுக்காப்புளியும் கொய்யாவும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்து ஆட்கள். செம்மயில்கொன்றை மடகாஸ்கர்.

வந்தவர்கள் எல்லாரும் வழிப்பறிக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். தானாகப் பரவி, பக்கத்தில் வேறெதையும் தலைதூக்க விடாமல், மண்ணையும் நீரையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும் மரத்தைத்தான் ஆக்கிரமிப்பு மரம் என்கிறோம். பாஸ்போர்ட்டை விடுங்கள், நடத்தையைப் பாருங்கள்.

கே: கருவேலத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?
(கீழ்பென்னாத்தூர்)

ப: பூவைப் பாருங்கள். கருவேலம் மஞ்சள் பந்தாகப் பூக்கும். காய், மணி கோத்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைப்பூ பூனைவால் போல நீளும். காய் தட்டையாக, பழுத்தால் வைக்கோல் நிறம்.

பல் குச்சி ஒடிப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: வன்னி மரமும் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பமாமே? பாண்டவர்கள் ஆயுதம் மறைத்த மரத்துக்கு இப்படி ஒரு உறவா?
(ஒரு குருக்கள், திருவண்ணாமலை)

ப: பங்காளிகள்தாம், சாமி. இரண்டுக்கும் ‘புரோசோபிஸ்’ என்றுதான் தாவரவியல் பெயர் இருந்தது. 2022-ல் தாவரவியலாளர்கள் பாகப்பிரிவினை செய்துவைத்தார்கள். வன்னிக்குப் பழைய பெயரே நிலைத்தது. சீமைக்கு ‘நெல்டுமா’ என்று தனிக்குடித்தனம்.

வன்னி நம் வறண்ட காட்டின் சொந்தப் பிள்ளை. ராஜஸ்தானில் அதுதான் மாநில மரம். அதை வெட்டவிடாமல் 1730-ல் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். இன்று அதே மாநிலத்தில் வன்னியின் இடத்தைச் சீமை பிடித்து வருகிறது. வாளுக்குப் பணியாத மரம் பங்காளியிடம் தோற்கிறது.

கே: வேலிகாத்தான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுமாம். ஆடு மாடு மலடாகுமாம். வாட்ஸ்அப்பில் வந்தது.
(தண்டராம்பட்டு)

ப: மழை, வங்கக்கடலைக் கேட்டு வருகிறது. வேலிகாத்தானிடம் அனுமதி கேட்பதில்லை. மலட்டுக் கதைக்கும் ஆதாரம் இல்லை.

இந்த மரத்தின் மேல் இருக்கும் உண்மையான வழக்குகளே கட்டுக் கட்டாக இருக்கின்றன. பொய் வழக்குப் போட்டால் அதுவே அதற்கு ஜாமீன் வாங்கித் தரும்.

கே: சரி, உண்மையான வழக்கு என்ன?
(அதே தண்டராம்பட்டுக்காரர், அடுத்த தபாலில்)

ப: முதல் வழக்கு, வேர். அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இந்தக் குலத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நம் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். கோபுரத்தைத் தலைகீழாக மண்ணில் இறக்கினால் ஐந்தில் நான்கு பங்கு ஆழம். நம் கிணறு எம்மாத்திரம்?

இரண்டாவது, இலை. உதிர்ந்த சருகிலிருந்து கசியும் ரசாயனங்கள் மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கின்றன. மூன்றாவது, நிழல். ஆல நிழலில் ஊரே உட்காரலாம், முள்புதர் நிழலில் புல்கூட உட்காராது.

நான்காவது வழக்குதான் எனக்கு வலிக்கிறது. ஏரிக்குள் புகுந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஜன்னல் வழியே இதைப் பார்க்கலாம்.

கே: அவ்வளவு வேகமாக எப்படிப் பரவுகிறது?
(சேத்துப்பட்டு)

ப: காய் இனிக்கும், ஆடு தின்னும். விதையின் ஓடு கெட்டி, செரிக்காது. வயிற்றில் ஊறி, எருவோடு இறங்கி, அடுத்த மழையில் முளைக்கும். நாம் ஏர் பூட்டி விதைப்பதைவிட நேர்த்தியான ஏற்பாடு.

கென்யாவில் பரிங்கோ ஏரிக்கரை மக்கள் இந்த மரத்தை நட்டதற்காக அரசின்மேல் வழக்கே தொடுத்தார்கள். இனிப்புக் காய் தின்று தின்று பல் கொட்டிப்போன ஆடு ஒன்றை 2006-ல் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். வாய் திறந்தாலே போதும், அதுதான் வாக்குமூலம்.

கே: சொந்த ஊரில் அடங்கி இருக்கும் மரம் இங்கே வந்து ஆட்டம் போடுவது ஏன்?
(தாவரவியல் மாணவி, போளூர்)

ப: சொந்த ஊரில் அதன் இலையைக் கடிக்கும் புழு, விதையைத் துளைக்கும் வண்டு, தண்டை அரிக்கும் பூஞ்சை எல்லாம் இருக்கின்றன. கப்பல் ஏறும்போது இவர்களை விட்டுவிட்டு விதை மட்டும் வந்தது. கடன்காரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வெளியூரில் கடை திறந்தவன் தாராளமாகத்தான் இருப்பான்.

சார்லஸ் எல்ட்டன் 1958-ல் எழுதிய ஆக்கிரமிப்புச் சூழலியல் நூல் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். இந்தப் பாடத்துக்கு அதுதான் அரிச்சுவடி.

கே: அருணாசல மலையில் அந்நியச் செடி எப்போதிருந்து இருக்கிறது?
(ஒரு ரமண பக்தர், சென்னை)

ப: மலைமேல் இருக்கும் கந்தாசிரமத்துக்குப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? கந்தசாமி என்ற அன்பர் பெயரால் வந்தது. ரமணர் 1916 முதல் 1922 வரை அங்கே இருந்தார். அதற்கு முன் அந்த இடம் சப்பாத்திக்கள்ளிப் புதர். கந்தசாமி தனியாளாகக் கள்ளியை வெட்டி, பாறையைச் சமன் செய்து, தோட்டம் போட்டார். நாலு ஆள் வேலையை ஒருவராகச் செய்தார் என்று ரமணரே வியந்து சொல்லியிருக்கிறார்.

அந்தச் சப்பாத்திக்கள்ளி யார்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்நியர். ஆக, நூறு வருடத்துக்கு முன்பே இந்த மலையில் ஆக்கிரமிப்பு அகற்றும் பணி நடந்திருக்கிறது. அரசாணை இல்லாமல், இரண்டு கைகளால்.

கே: அந்தக் கள்ளிக்காடுகள் எல்லாம் இப்போது எங்கே போயின? என் பாட்டி சொல்வாள், ஊரைச் சுற்றிக் கள்ளிதான் என்று.
(செங்கம்)

ப: பூச்சி தின்றது. இது ஒரு பெரிய கதை, உட்கார்ந்து கேளுங்கள்.

கொச்சினியல் என்ற பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். அது கள்ளியில் வளரும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தச் சாயத்தின்மேல் ஆசை. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. வந்ததோ வேறு பூச்சி. சாயம் தேறவில்லை, கள்ளி மட்டும் காலியாயிற்று. அதைப் பார்த்துத்தான் களையைப் பூச்சியால் அடக்கலாம் என்ற யோசனையே பிறந்தது.

ஆனால் அந்தப் பூச்சி ஒருவகைக் கள்ளியைத்தான் தொட்டது. நம் பக்கம் மண்டிய வகைக்கு 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி வந்தது. சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியக் கள்ளிக்காடுகள் சரிந்தன. உங்கள் பாட்டி கண்ணால் பார்த்த போர் அது.

கே: அப்படியானால் வேலிகாத்தானுக்கும் ஒரு பூச்சியை அவிழ்த்து விட வேண்டியதுதானே?
(அதே செங்கம், அதே மூச்சில்)

ப: தென்னாப்பிரிக்கா 1987-லிருந்து விதை தின்னும் வண்டுகளை விட்டுப் பார்த்தது. ஆடு முந்திக்கொள்கிறது, வண்டுக்குப் பந்தியில் மிச்சம்தான் கிடைக்கிறது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்திலேயே வன்னி நிற்கிறது. சீமை இலை எது, வன்னி இலை எது என்று பூச்சிக்கு நன்றாகத் தெரிகிறதா என்று பல வருடம் சோதிக்காமல் கூண்டைத் திறக்கக் கூடாது. கள்ளிக்கு இங்கே உறவினர் யாரும் இல்லை, அதனால் தப்பித்தோம்.

கே: நாங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறோம். மரத்தைத் திட்டுகிற நீங்கள் எங்கள் அடுப்புக்கு என்ன சொல்கிறீர்கள்?
(ராமநாதபுரம் மாவட்ட வாசகர்)

ப: நியாயமான கேள்வி, தலை வணங்குகிறேன். மழை பொய்த்த வருடங்களில் உங்கள் பக்கத்துக்குச் சோறு போட்டது அந்த முள்தான். அதன் பூவில் தேன் உண்டு. கண்மாய்க்குள் நாரைகள் அதன்மேலேதான் கூடு கட்டுகின்றன. அத்தனையும் உண்மை.

அதனால்தான் ஒரே நாளில் மொட்டையடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1995-ல் ‘நீருக்காக வேலை’ என்றொரு திட்டம் தொடங்கினார்கள். ஆற்று நீர்ப்பிடிப்பில் நின்று தண்ணீர் குடித்த அந்நிய மரங்களை அகற்றும் வேலையை அங்கங்கே இருந்த ஏழைகளுக்கே கூலியோடு கொடுத்தார்கள். அணைக்கு நீர், வீட்டுக்குச் சம்பளம். நீங்கள் வெட்டுகிற கை, நடுகிற கையும் ஆக வேண்டும். இரண்டுக்கும் கூலி வேண்டும்.

கே: 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னதே? பிறகு ஏன் மரம் இன்னும் நிற்கிறது?
(வழக்கறிஞர், வந்தவாசி)

ப: தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு என்று உங்களுக்குத் தெரியாததா? மரம் வேரிலிருந்து மேல்முறையீடு செய்துவிட்டது.

கே: ஜேசிபி வைத்து எங்கள் ஏரியைச் சுத்தம் செய்தோம். இரண்டே வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. என்ன தப்பு செய்தோம்?
(கலசபாக்கம் பக்கம் ஒரு ஏரிப் பாசன விவசாயி)

ப: மரத்தை வெட்டினீர்கள், தூரை விட்டீர்கள். ஒரு தண்டை வெட்டினால் நாலாகத் துளிர்க்கும் ஜாதி அது. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் இருந்தால் போதும், மறுபிறவி நிச்சயம்.

பெரியதைத் தூரோடு பெயர்க்க வேண்டும். கன்றுகளை மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது கையால் வேரோடு பிடுங்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் திரும்ப வந்து பார்க்க வேண்டும், மண்ணுக்குள் விதை காத்திருக்கிறது. ஏரிக் கரையில் உடனே பனையும் புங்கமும் மருதமும் ஊன்ற வேண்டும். நாற்காலி காலியாக இருந்தால் பழைய ஆள்தான் வந்து உட்காருவார்.

கே: மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரத்தைப் பார்த்துக் கொன்றை என்று பறித்து அண்ணாமலையாருக்குச் சாத்தினேன். அது கொன்றையே இல்லை என்கிறான் என் பேரன்.
(ஒரு பாட்டி, கூடலூரிலிருந்து பௌர்ணமிக்கு வந்தவர்)

ப: பேரன் கெட்டிக்காரன், பாட்டி. சிவனுக்கு உகந்த சரக்கொன்றையின் பூ சரமாய்த் தொங்கும், காய் நீளமான கரிய உருளை. நீங்கள் பறித்தது அநேகமாய்ச் ‘சென்னா ஸ்பெக்டபிலிஸ்’. பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். அழகுக்கும் நிழலுக்கும் நட்ட மரம், இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் மான் மேயும் புல்லை மூடிக்கொண்டு நிற்கிறது. வெட்டிய மரத்தைக் கூழாக்கத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள்.

சாத்திய பூவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அண்ணாமலையார் மனசைப் பார்ப்பார். முதுமலை மானுக்குத்தான் அந்த வசதி இல்லை.

கே: ஊட்டி முழுக்க மரம். குளுகுளு என்று இருக்கிறது. அதிலும் குறை சொல்வீர்களா?
(தேனிலவு போய் வந்த புதுமாப்பிள்ளை, திருவண்ணாமலை)

ப: வாழ்த்துகள். நீங்கள் போட்டோ எடுத்த அந்த மரங்களில் பலவற்றுக்குப் பிறந்த ஊர் ஆஸ்திரேலியா. வாட்டில் என்னும் சீகை மரம், யூகலிப்டஸ் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் பட்டைக்கும் விறகுக்கும் கொண்டுவரப்பட்டவை.

நீலகிரியின் உச்சி, சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் நிலம். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். அந்தப் புல்தான் மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி ஓடைக்கு மெல்ல விடும். தோடர் எருமைக்கும் நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் அதுதான் பந்தி. வெள்ளைக்காரன் கண்ணுக்குப் புல்வெளி ‘சும்மா கிடக்கும் நிலம்’. மரம் நட்டான். சீகை தானாகப் பரவியது. அதன் நிழலில் புல் செத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1973-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, போய்விட்டது. மரம் வெட்டிக் காடு அழிந்த கதை உங்களுக்குத் தெரியும். இது மரம் நட்டு அழிந்த கதை.

கே: யூகலிப்டஸ்? ஒரு வரியில் சொல்லவும்.
(அவசரக்காரர், ஆரணி)

ப: பரவுவதில் சோம்பேறி, குடிப்பதில் சூரன். கர்நாடகம் 2017-ல் புதிதாக நடுவதற்கே தடை போட்டது.

கே: ஆட்டுக்குத் தழை என்று சவுண்டல் வளர்க்கிறேன். அதையும் பிடுங்கச் சொல்வீர்களா?
(ஜமுனாமரத்தூர்)

ப: ஜவ்வாது மலையில் இருந்துகொண்டு கேட்பதால் பயமாய் இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் சவுண்டலும் உண்டு. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காய் முற்றுவதற்கு முன் கிளையைக் கழித்து ஆட்டுக்குப் போட்டுவிடுங்கள். விதை வேலி தாண்டிக் காட்டுக்குள் போனால் அடுத்த தலைமுறைக்கு ஜவ்வாதும் சந்தனமும் பெயரில் மட்டும்தான் மணக்கும்.

கே: உண்ணிச்செடியை விட்டுவிட்டீர்களே!
(பத்துப் பேர்)

ப: அது மரம் இல்லை, புதர். ஆனாலும் விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்து, நாடு முழுக்கப் புலிக்காட்டின் தரையைப் பிடித்துக்கொண்டது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டை வேகவைத்து வளைத்து ஆளுயரத்துக்கும் மேல் யானைகள் செய்தார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. யானையின் மேய்ச்சலைக் கெடுத்த செடி, யானையாகவே கப்பல் ஏறியது. பழிவாங்கல் என்றால் இப்படி அழகாக இருக்க வேண்டும்.

கே: நம் மரம் எதுவும் வெளிநாட்டில் போய் அட்டகாசம் செய்யவில்லையா?
(போளூர்)

ப: செய்கிறதே! பல் துலக்கும் நம் கருவேலம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தேசிய அளவிலான களை. ஆட்டுக்கு நிழலும் தழையும் கிடைக்கும் என்று கொண்டுபோனார்கள். இன்று புல்வெளியை முள்காடாக்கிவிட்டது. இலந்தையும் அங்கே களை. மாரியம்மனின் வேப்பிலை வடக்கு ஆஸ்திரேலியாவில் களைப் பட்டியலில் இருக்கிறது.

மரத்தில் நல்லவன் கெட்டவன் கிடையாது. தப்பான வீட்டில் குடியேறியவன் உண்டு. அவர்கள் சீகையும் யூகலிப்டஸும் இங்கே, நம் கருவேலமும் வேம்பும் அங்கே. பண்டமாற்றில் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கே: வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு ஒன்றிரண்டு வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?
(அபார்ட்மெண்ட் வாசகி)

ப: டஹிட்டி தீவில் 1937-ல் ஒரு பூங்காவில் இலை அழகாக இருக்கிறதென்று மைக்கோனியா என்ற மரத்தை வைத்தார்கள். இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு அதன் பிடியில். ஒன்றிரண்டு என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

கே: பச்சையாக இருந்தால் போதாதா? எந்த மரமாய் இருந்தால் என்ன? புழு பூச்சி இல்லாத மரம்தானே நல்ல மரம்?
(ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர்)

ப: புழுவே இல்லாத மரத்துக்குக் குருவி எதற்கு வரும்? குருவி வராத மரத்தின் விதையை யார் கொண்டுபோவார்?

வில்வ இலையில் ஓட்டை பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு தின்றது. சிவனுக்கு முன்னால் பிரசாதம் சாப்பிடும் உரிமை பெற்ற பக்தர் அவர். சரக்கொன்றை இலையில் இன்னொரு மஞ்சள் பூச்சியின் குழந்தைகள். ஆலும் அத்தியும் பழுத்தால் வௌவாலுக்கும் குயிலுக்கும் திருவிழா. ஒவ்வொரு நாட்டு மரத்துக்கும் இப்படிப் பல்லாயிரம் வருடத்து வாடிக்கையாளர்கள் உண்டு.

அந்நிய மரம் நிற்கும் காட்டில் காலையில் காதைத் தீட்டிக் கேளுங்கள். பச்சை இருக்கும், சத்தம் குறைந்திருக்கும்.

கே: உலக அளவில் இது உண்மையிலேயே பெரிய பிரச்சினையா, நீங்கள் பெரிதாக்குகிறீர்களா?
(சந்தேகப் பேர்வழி, சேத்துப்பட்டு)

ப: ஐ.பி.பி.இ.எஸ். என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு 2023 செப்டம்பரில் கணக்கைக் கொடுத்தது. பூமியில் நடந்த உயிரின அழிவுகளில் 60 சதவீதத்தில் ஆக்கிரமிப்பு உயிர்களுக்குப் பங்கு உண்டு. 16 சதவீதத்தில் குற்றவாளி அவர்கள் மட்டுமே. நான் பெரிதாக்க மிச்சம் வைக்கவில்லை.

கே: கபிலர் 99 பூக்களைச் சொன்னாரே, அதில் வேலிகாத்தான் உண்டா?
(தமிழாசிரியர், ஓய்வு)

ப: குறிஞ்சிப்பாட்டில் கொன்றை உண்டு. வேலிகாத்தான் இல்லை. இன்று நம் ஊரைச் சுற்றி வந்து அந்தப் பட்டியலில் பத்துப் பூ காட்டுகிற மாணவனுக்கு நூற்றுக்கு நூறு போடுங்கள், ஐயா.

கே: நம் மலை முன்பு மொட்டையாக இருந்ததாமே? இப்போது பச்சை தெரிகிறது. யார் செய்தது?
(கிரிவலம் வந்த பெங்களூர் வாசகர்)

ப: பல கைகள். விறகும் தழையும் எடுத்து, தீயும் வைத்து மலை வெளுத்துக் கிடந்தது. 1980-களின் கடைசியில், இங்கே தங்கியிருந்த ஒருவர் ஆஸ்திரேலியச் சூழலியலாளர் ஜான் சீட்டுக்கு உதவி கேட்டு எழுத, மரநடுகை வேகம் பிடித்தது. பிறகு ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்பினர் நாற்றங்கால் போட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, வருடா வருடம் மலை ஏறுகிறார்கள். ஆஸ்திரேலியா யூகலிப்டஸையும் அனுப்பியது, மலைக்காகக் கவலைப்பட்ட மனிதரையும் அனுப்பியது. இரண்டாவதற்கு நன்றி.

இதில் நான் மெச்சுவது மரத் தேர்வு. சீக்கிரம் வளர்கிறதென்று அந்நிய மரத்தைத் திணித்திருந்தால் ஐந்தே வருடத்தில் கைதட்டு வாங்கியிருக்கலாம். இவர்கள் நம் காட்டு மரங்களைத் தேடி விதை எடுத்தார்கள். ஆச்சா, உசிலை, வெப்பாலை, வாகை, புரசு, நாவல், விளா. தலைக்கு அரப்புத்தூள் தேய்க்கிறீர்களே, அது உசிலை இலை. உங்கள் தலையில் இருந்த காடு இப்போது மலைத் தலையிலும் இருக்கிறது.

கே: மலையின் பெரிய எதிரி வேலிகாத்தானா?
(அதே பெங்களூர்)

ப: மலைமேல் அவர் இரண்டாம் ஆள்தான். முதல் ஆள், தீ. மாசியிலிருந்து வைகாசி வரை சரிவில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பீடி போதும், பத்து வருடக் கன்றுகள் ஒரே இரவில் கரி. தீ தின்ற இடத்தில் முதலில் முளைப்பது எதற்கும் அஞ்சாத களைதான்.

மலையில் ஏற்ற வேண்டிய தீ ஒன்றே ஒன்று. அது கார்த்திகையில், உச்சியில்.

கே: 2024 டிசம்பர் மண்சரிவுக்கு மரம் இல்லாததுதான் காரணமா?
(வ.உ.சி. நகருக்குப் பக்கத்துத் தெரு)

ப: ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி நம் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி ஏழு உயிர்கள் போயின. அந்தக் கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படிக் கொட்டும் மழையை மரம் மட்டும் தாங்கிவிடாது. சரிவில் வீடு கட்டுவது, நீர் இறங்கும் வழியை மறிப்பது எல்லாம் கணக்கில் வரும். ஆனால் ஆழ வேர், பக்க வேர், புல் வேர் என்று பலவகை வேர் பின்னிய சரிவு, வெறும் சரிவைவிட மண்ணை இறுக்கிப் பிடிக்கும். ஒரே வகை மரம் அந்த வலையைப் பின்னாது.

கே: அரசு என்ன செய்கிறது?
(வந்தவாசி)

ப: 2022-ல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது தமிழ்நாடு. பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கும் இலக்கும் உண்டு. எனக்கு ஒரே வேண்டுதல். அந்த 33-ஐ எண்ணும்போது வேலிகாத்தானை எண்ணாதீர்கள். பரீட்சையில் காப்பி அடித்த மார்க் சேராது.

கே: கிரிவலம் வருகிற சாதாரண பக்தன் நான். என்னால் என்ன முடியும்?
(விழுப்புரம்)

ப: தீப்பெட்டியை வீட்டில் வையுங்கள். கண்ட இடத்தில் விதைப்பந்து வீசாதீர்கள், உள்ளே என்ன விதை என்று கேளுங்கள். நன்கொடை கொடுத்து மரம் நடுகிறீர்களா? என்ன மரம் என்று கேளுங்கள். அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். அதில் ஒரு கன்று உங்கள் ஊரில் வைத்து மூன்று கோடை தண்ணீர் ஊற்றுங்கள். பதினாலு கிலோமீட்டர் நடப்பவருக்கு ஒரு குடம் தூக்குவது பாரமா?

கே: மாமா, கிரிவலப் பாதையில் கொன்றைக் காய் பொறுக்கி விதை எடுத்து மண்ணில் போட்டேன். ஒரு மாசமா முளைக்கவே இல்லை. விதை கெட்டுப்போச்சா?
(ஆறாம் வகுப்பு மாணவி, திருவண்ணாமலை)

ப: கெடவில்லை, கண்ணு. கொன்றை விதைக்கு ஓடு ரொம்பக் கெட்டி, தூங்குகிறது. ஒரு பக்கத்தைக் கல்லில் லேசாய் உரசு. வெந்நீரை இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் ஆறியதும் அதில் போட்டு ஒரு ராத்திரி விடு. அம்மா பக்கத்தில் இருக்கட்டும். காலையில் உப்பியிருக்கிற விதையாகப் பார்த்து எடுத்து, விரல் நகம் அளவு ஆழத்தில் ஊன்று.

முளைத்ததும் இரண்டு வரி எழுதிப் போடு. எத்தனை இலை விட்டிருக்கிறது என்று எண்ணிச் சொல்.